அளவறிந்த அறிஞர்

மருந்துக் கடைகளில் விற்கப்படும் பலசத்து மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட பட்டியலில் செலினியம் என்றொரு பெயர் இருக்கும். அதற்கு எதிரே உள்ள அளவு கிராமிலோ மில்லிகிராமிலோ இராது; மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறுகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கூறே ஒரு மைக்ரோகிராம். நலமான பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் செலினியம் போதும் என்பது அமெரிக்காவின் பரிந்துரை. அந்தக் கணக்கின்படி ஒரு கிராம் செலினியம் ஒரு மனிதருக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் போதுமானது.

இந்தத் தனிமத்தைக் கண்டறிந்து பெயர் சூட்டியவர், ஸ்வீடன் நாட்டு வேதியியல் மேதை ஜோன்ஸ் ஜேக்கப் பெர்சிலியஸ். உலகெங்கும் பள்ளி மாணவர்கள் எழுதும் வேதியியல் குறியீடுகள் அவர் வகுத்த முறையில் அமைந்தவை. ஆயினும், தாம் கண்டறிந்த செலினியம் மனிதனின் உணவில் இருந்தாக வேண்டிய ஒரு சத்து என்பது அவருக்குத் தெரியாது. அது நஞ்சு என்பதை மட்டும் அவர் தம் உடலாலேயே அறிந்துகொண்டார். நஞ்சையும் சத்தையும் பிரித்துக் காட்டும் அளவு என்ற கோட்டை அவருக்குப் பின்வந்தோர் வரைந்தனர். அந்தக் கோட்டை வரையத் தேவையான கருவியையும் மனப்பான்மையையும் அளித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பெர்சிலியஸ் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் தெற்கு ஸ்வீடனின் வேவர்சுண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோதே அவர் மறைந்தார். தாய் ஒரு பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டார். மகனுக்குப் பத்து வயது நிறைவதற்குள் தாயும் இறந்தார். வளர்ப்புத் தந்தை மீண்டும் மணம் புரிந்தபோது, சிறுவன் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அங்கு அவனுக்கு அமைதி கிட்டவில்லை. பள்ளிப் பருவத்திலேயே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருளீட்ட வேண்டியிருந்தது.

1796-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். மனமோ வேதியியலில் தோய்ந்தது. ஆய்வகத்தில் விரும்பிய அளவுக்கு வாய்ப்பு கிடைக்காததால், தாம் தங்கியிருந்த அறையிலேயே சோதனைகள் செய்யத் தொடங்கினார். இத்தாலியில் வோல்டா மின்கலத்தை உருவாக்கிய செய்தி எட்டியதும், துத்தநாகத் தகடுகளையும் செம்பையும் மாற்றி மாற்றி அடுக்கித் தாமே ஒரு மின்கலத்தை அமைத்தார்.

மின்சாரம் எல்லா நோய்களையும் தீர்க்கும் என்ற பேச்சு அப்போது ஐரோப்பாவில் பரவியிருந்தது. இளம் பெர்சிலியஸ் தமது மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டார். நோயாளிகள் சிலருக்கு மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார். தெளிவான பயன் ஏதும் தென்படவில்லை. புதுமை மோகம் நிறைந்த காலத்தில், பட்டம் பெற வேண்டிய ஒரு மாணவர், எதிர்பார்த்த வியப்பு நிகழவில்லை என்பதை ஆய்வு முடிவாக முன்வைத்தார். அவரது பிற்கால வாழ்க்கைக்கு இதுவே முன்னோட்டம்.

பட்டம் பெற்றபின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஊதியமில்லா உதவியாளராகவும் ஏழைகளுக்கான மருத்துவராகவும் பணியாற்றினார். சுரங்க உரிமையாளரும் கனிமவியல் ஆர்வலருமான வில்ஹெல்ம் ஹிசிங்கர் தமது இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். இருவரும் சேர்ந்து 1803-இல் சீரியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தனர். 1807-இல் பெர்சிலியஸ் பேராசிரியரானார். 1810-இல் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனம் தோன்றியபோது அதன் தொடக்ககாலப் பேராசிரியர்களில் ஒருவராகத் திகழ்ந்தார். இன்று மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெறுவோரைத் தேர்ந்தெடுப்பது அந்த நிறுவனத்தின் பேரவையே.

மாணவர்களுக்கு ஸ்வீடிஷ் மொழியில் வேதியியல் பாடநூல் எழுதத் தொடங்கியதுதான் அவரது வாழ்வின் திருப்புமுனை. தனிமங்கள் ஒன்றோடொன்று குறிப்பிட்ட விகிதத்தில்தான் சேரும் என்ற கருத்து அப்போது புதிது. இங்கிலாந்தின் ஜான் டால்டன் அணுக் கொள்கையை முன்வைத்திருந்தார். ஆனால், அதை உறுதிசெய்யும் துல்லியமான அளவுகள் போதிய அளவில் இல்லை. அந்த அளவுகளைத் தாமே கண்டறிவது என்று பெர்சிலியஸ் முடிவெடுத்தார். அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 2,000 சேர்மங்களை அவர் பகுத்தாய்ந்தார். கரைப்பது, வடிகட்டுவது, உலர்த்துவது, எரிப்பது, எடையிடுவது, மீண்டும் எடையிடுவது என்று கழிந்தன அந்த ஆண்டுகள்.

இத்தனை பெரிய பணி நடந்த இடம் அரண்மனை போன்ற ஆய்வகம் அன்று. அவரது இல்லத்தின் சாதாரண அறைகள் இரண்டே ஆய்வுக்கூடம். பக்கத்துச் சமையலறையில் ஒருபுறம் உணவு சமைக்கப்படும். அங்கேயே சிறு உலையும் எப்போதும் சூடாக இருக்கும் மணல் தொட்டியும் இருக்கும். வீட்டு வேலைகளைக் கவனித்துவந்த அன்னா என்ற பெண்மணியே ஆய்வுக் கலங்களையும் கழுவித் தருவார். ஜெர்மனியிலிருந்து அவரிடம் பயில வந்த ஃபிரீட்ரிக் வோலர், இந்த எளிய கூடத்தைக் கண்டு வியந்து பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார்.

1814 தொடங்கி அவர் வெளியிட்ட அணு எடை அட்டவணைகள், திருத்தப்பட்ட பதிப்புகளாக 1818-இலும் 1826-இலும் வந்தன. பெரும்பாலான எண்கள் இன்றைய மதிப்புகளுக்கு மிக அருகில் அமைந்தவை. தனிமங்களை அவற்றின் லத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளால் குறிக்கும் முறையையும் அதே காலகட்டத்தில் அவர் அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பு வட்டங்களும் புள்ளிகளும் கோடுகளுமாக இருந்த வேதியியல், அதன்பின் எல்லா நாட்டவரும் படிக்கத்தக்க பொது எழுத்தைப் பெற்றது.

அறிவியலில் இவ்வளவு கறாராகக் கணக்கு பார்த்தவர், வணிகத்தில் தோற்றார். கனிமநீர்த் தயாரிப்பிலும் வினிகர் ஆலையிலும் பணத்தை முதலீடு செய்து கடனாளியானார். அப்படியிருந்தும், நண்பர் கான் உள்ளிட்டோருடன் சேர்ந்து கிரிப்ஸ்ஹோமில் இருந்த ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலையில் பங்குதாரரானார். இந்த வணிக முயற்சி அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. ஒரு தனிமத்தைத் தந்தது.

ஃபாலுன் சுரங்கத்தின் கனிமத்திலிருந்து பெற்ற கந்தகத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம், அமிலம் தயாரிக்கும் ஈய அறையின் அடியில் செந்நிற வண்டல் படிந்தது. முன்பு ஆலையை நடத்தியவர் அதை ஆர்சனிக் நஞ்சென்று அஞ்சி, அந்தச் சுரங்கத்துக் கந்தகத்தையே விலக்கிவைத்திருந்தார். 1817-இல் பெர்சிலியஸும் கானும் அந்த வண்டலைச் சூடேற்றிப் பார்த்தனர். காட்டமான முள்ளங்கி நெடி எழுந்தது. டெல்லூரியம் என்ற அரிய தனிமத்துக்குரிய நெடி அது என்று அக்கால வேதியியலாளர்கள் கருதிவந்தனர். ஆகவே, டெல்லூரியம் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த நண்பர் மார்செட்டுக்கு பெர்சிலியஸ் கடிதம் எழுதினார்.

எழுதியபின்னும் ஓர் ஐயம் அவரை உறுத்தியது. ஃபாலுன் சுரங்கத்தின் கனிமங்களில் டெல்லூரியம் இருப்பதாக அதுவரை தெரியவந்ததில்லை. அப்படியிருக்க, அதன் கந்தகத்தில் மட்டும் அது எப்படி வந்தது? வண்டலை ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுவந்து மறுபடியும் பகுத்தாய்ந்தார். அதில் டெல்லூரியம் இல்லை. கந்தகத்தையும் டெல்லூரியத்தையும் பல வகையில் ஒத்த, இதுவரை எவரும் அறியாத ஒரு பொருள் இருந்தது. 1818-இன் தொடக்கத்தில் அதே நண்பருக்கு, முன்பு எழுதியது தவறென்று ஒப்புக்கொண்டு மீண்டும் எழுதினார். டெல்லூரியம் நிலமகளின் பெயரால் அழைக்கப்படுவதால், அதன் உடன்பிறப்பைப் போன்ற இதற்கு கிரேக்கர்களின் நிலவுத் தெய்வமான செலினியின் பெயரை வைத்தார். செலினியம் பிறந்தது.

புதிய தனிமத்தின் பண்புகளை ஆராயும்போது, அது ஹைட்ரஜனுடன் சேர்ந்து உண்டாகும் வாயுவைச் சிறிதளவு அவர் முகர நேர்ந்தது. மோப்ப உணர்வு சில மணி நேரம் அற்றுப்போயிற்று. கடும் சளித் தொல்லை பல நாள்கள் நீடித்தது. செலினியத்தின் நச்சுத்தன்மைக்கான தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று இப்படி அதைக் கண்டறிந்தவரின் மூக்கிலேயே எழுதப்பட்டது.

1818-இல் ஸ்வீடன் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். சிலிக்கானையும் தோரியத்தையும் கண்டறிந்தார். வோலர் முதல் மொசாந்தர் வரை அவரிடம் பயின்றோர் பலர் புகழ்பெற்றனர். 1821 முதல் உலக வேதியியல் முன்னேற்றங்களை ஆண்டுதோறும் தொகுத்து மதிப்பிட்டு எழுதிவந்தார். வினையூக்கம் என்பதைக் குறிக்கும் சொல்லை 1835-இல் உருவாக்கியவர் அவர். டச்சு வேதியியலாளர் முல்டருக்கு 1838-இல் எழுதிய கடிதத்தில், உயிர்ப் பொருள்களின் அடிப்படையான ஒரு வகைச் சேர்மத்துக்கு, முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து புரோட்டீன் என்ற பெயரை முன்மொழிந்தார். நாம் புரதம் என்கிறோமே, அதுதான்.

குறைகளும் அவருக்கு இருந்தன. சேர்மங்கள் அனைத்தும் எதிரெதிர் மின்தன்மை கொண்ட இரு பகுதிகளால் ஆனவை என்ற தமது கொள்கையைக் கரிம வேதியியலுக்கும் பொருத்த முயன்றார். பிரான்ஸின் தூமா போன்ற இளையோர் அதற்கு மாறான சான்றுகளை அடுக்கியபோது அவற்றை ஏற்க மறுத்து வாதிட்டார். செந்நிற வண்டலில் தம் தவறை உடனே திருத்திக்கொண்டவரால், வாழ்நாளெல்லாம் கட்டியெழுப்பிய கொள்கையை அத்தனை எளிதில் கைவிட முடியவில்லை. மேதைகளும் மனிதர்களே. தமது 56-ஆம் வயதில் 24 வயதான எலிசபெத் பாப்பியஸை மணந்த அவருக்கு, திருமணப் பரிசாக ஸ்வீடன் மன்னர் பாரன் பட்டம் அளித்தார். 1848-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் அவர் காலமானார்.

செலினியத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 1856-இல் அமெரிக்காவின் டகோட்டா பகுதியில் இருந்த ராணுவ மருத்துவர் ஒருவர், அங்கு மேய்ந்த குதிரைகளின் பிடரிமயிரும் வால்முடியும் உதிர்ந்து குளம்புகள் சிதைவதைப் பதிவுசெய்தார். அந்த மண்ணிலும் புல்லிலும் மிகுந்திருந்த செலினியமே அதற்குக் காரணம் என்பது 1930-களில்தான் உறுதியாயிற்று. அதன்பின் செலினியம் என்றாலே நஞ்சு என்பது அறிவியல் உலகின் முடிவாக இருந்தது. 1957-இல் கிளாஸ் ஷ்வார்ஸ், கால்வின் ஃபோல்ட்ஸ் ஆகியோர் அந்த முடிவைப் புரட்டினர். குறிப்பிட்ட உணவை மட்டும் உண்டு ஈரல் அழுகி மடிந்த எலிகளை, உணவில் சேர்த்த மிகச் சிறிதளவு செலினியம் காப்பாற்றியது.

மனிதர்களிடம் இதன் பொருள் என்ன என்பதைச் சீனா உணர்த்தியது. அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள கேஷான் மாவட்டத்தின் பெயரால் அழைக்கப்படும் இதய நோய், குழந்தைகளையும் இளம் தாய்மார்களையும் பலிகொண்டுவந்தது. நோய் பரவியிருந்த பகுதிகளின் மண்ணிலும் தானியத்திலும் செலினியம் மிகக் குறைவு. சிச்சுவான் மாகாணத்தில் 1974-இல் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை செலினிய உப்பு கொடுத்துப் பார்த்தனர். அது கொடுக்கப்படாத சுமார் 4,000 குழந்தைகளில் 54 பேரை நோய் தாக்கியது. கொடுக்கப்பட்ட சுமார் 4,500 பேரில் 10 பேரை மட்டுமே தாக்கியது. அடுத்த ஆண்டும் இதே நிலை. பயன் ஐயமறத் தெரிந்ததால் பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் அது வழங்கப்பட்டது. செலினியக் குறைபாட்டுடன் ஒருவகை வைரஸும் சேர்ந்தே இந்நோயைத் தூண்டுகிறது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

உடலுக்குள் செலினியம் என்ன செய்கிறது என்பதற்கான விடை 1973-இல் தெரியத் தொடங்கியது. செல்களைச் சிதைக்கும் பெராக்சைடுகளை முறிக்கும் ஒரு நொதியின் உறுப்பாக அது இருக்கிறது. தைராய்டு சுரப்பியின் ஹார்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதிகளிலும் அது இருக்கிறது. செலினியம் கொண்ட புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மனிதரிடம் 25 உள்ளன. செலினியம், புரோட்டீன் என 20 ஆண்டு இடைவெளியில் பெர்சிலியஸ் பெயர் சூட்டிய இரண்டும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒன்றாகக் கலந்திருந்தன என்பது, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெரியவந்தது.

மற்றொரு முரணும் உண்டு. செலினியம் கண்டறியப்பட்ட ஸ்வீடன் உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளின் மண்ணில் அந்தச் சத்து குறைவு. அண்டை நாடான ஃபின்லாந்து, இக்குறையைப் போக்க 1984-இல் முடிவெடுத்து உரங்களில் செலினியத்தைச் சேர்க்கத் தொடங்கியது. மக்களின் ரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தது. நமது நாட்டின் பஞ்சாபிலோ நிலைமை நேர்மாறு. ஹோஷியார்பூர், நவான்ஷஹர் மாவட்டங்களின் சில கிராமங்களில் மண்ணில் செலினியம் மிகுந்து, கால்நடைகளின் குளம்புகள் சிதைந்தன. மனிதர்களின் முடியும் நகங்களும் உதிர்ந்தன. ஒரே தனிமம் ஓரிடத்தில் குறைந்து நோயாகிறது. வேறோரிடத்தில் மிகுந்து நோயாகிறது.

பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது என்பது அமெரிக்க நிபுணர்கள் விதித்துள்ள எல்லை. தேவையான அளவுக்கும் இந்த எல்லைக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் ஏழு மடங்குதான். மீன், முட்டை, இறைச்சி, தானியங்கள், பருப்புகள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் செலினியம், அவை விளைந்த மண்ணைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். பிரேசில் கொட்டை ஒன்றே ஒரு நாள் தேவைக்கு மேல் தந்துவிடக்கூடும்.

இந்தக் குறுகிய இடைவெளியை மறந்தால் என்ன ஆகும்? 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, செலினிய மாத்திரை உட்கொண்டோரிடம் சிலவகைப் புற்றுநோய்கள் குறைந்ததாகக் காட்டியது. நம்பிக்கை பெருகியது. அதைச் சோதிக்க 2001-இல் சுமார் 35,000 ஆண்களைக் கொண்டு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. பிராஸ்டேட் புற்றுநோயை மாத்திரை தடுக்கவில்லை என்று தெரிந்ததால் 2008-இல் அது நிறுத்தப்பட்டது. உடலில் ஏற்கெனவே செலினியம் மிகுந்திருந்தவர்கள் மாத்திரையும் உட்கொண்டபோது, தீவிர வகைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடியதாக 2014-இல் வெளியான பகுப்பாய்வு தெரிவித்தது. அதே 2008-இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒரு திரவச் சத்து மருந்தில், குறிப்பிட்ட அளவைப்போல் சுமார் 200 மடங்கு செலினியம் கலந்திருந்தது. 201 பேர் பாதிக்கப்பட்டனர். வயிற்றுப்போக்கும், மூட்டுவலியும், முடி உதிர்தலும், நகச் சிதைவும் அவர்களை வாட்டின.

குறைபாடு உள்ளவருக்கு செலினியம் உயிர் காக்கும் சத்து. போதிய அளவு உள்ளவருக்கு அது வீண் செலவு. மிகுதியாக உள்ளவருக்கு அது கேடு. இந்த மூவரில் நாம் யார் என்பதை விளம்பரம் சொல்லாது. உரிய பரிசோதனையும் மருத்துவரின் ஆலோசனையுமே சொல்ல முடியும். முடி உதிர்கிறது என்று செலினிய மாத்திரையை நாடுவோர், மிகையான செலினியமும் முடியை உதிர்க்கும் என்பதை அறிந்திருத்தல் நலம். ஒன்று நல்லது என்றால் அது எவ்வளவு, யாருக்கு என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அமிழ்தும் அளவு மீறினால் நஞ்சாகும் என்று நம் முன்னோர் பொதுவாகச் சொன்னதற்கு, மைக்ரோகிராம் கணக்கில் சான்றாக நிற்கிறது செலினியம்.

சமையலறைக்குப் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் பெர்சிலியஸ். கிடைத்த முதல் விடையைக் கடிதமெழுதி அறிவித்துவிட்ட பிறகும் மீண்டும் நிறுத்துப் பார்த்ததால்தான் அவருக்குச் செலினியம் கிடைத்தது. ஒரு மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பு அந்த மறு எடையிடலுக்கு நாமும் ஒரு கணம் ஒதுக்குவோமானால், அதுவே அந்த மேதைக்குச் செய்யும் மரியாதையாகவும் நம் உடலுக்குச் செய்யும் நன்மையாகவும் அமையும்.